ஈரப் பேப்பரில் நிறத்தை நிறுத்துவது எப்படி

வாசல் தெளித்த கையோடு கோலம் போட முடியாது. தண்ணீர் தேங்கி நிற்கும்போது மாவை இழுத்தால் கோடு கரைந்து கூழாகிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு போட்டாலும் மாவு பிடிக்காது, ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். மண் தண்ணீரைக் குடித்து முடித்து, மேலே மினுக்கம் போய், ஈரம் மட்டும் நிற்கிற ஒரு நேரம் உண்டு. அப்போது வைத்த புள்ளி வைத்த இடத்தில் இருக்கும். எங்கள் அம்மா அதற்குக் கடிகாரம் பார்த்ததில்லை. குனிந்து, சாய்வாகத் தரையைப் பார்ப்பார். சில நாள் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

ஈரப் பேப்பரில் வாட்டர்கலர் வைப்பதற்கும் இந்தக் கண்ணும் இந்தப் புறங்கையும்தான் வேண்டும். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு வருகிறது.

நான் இருப்பது புளியரையில். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற சாலையில் தமிழ்நாட்டுப் பக்கம் கடைசியாக வரும் ஊர். வளைவு ஏறினால் கோட்டைவாசல், அப்புறம் ஆரியங்காவு, கேரளா. தையல் என் தொழில். சனி, ஞாயிறு மதியம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படம் பழக வருகிறார்கள். வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தால் வயல், அதற்கப்பால் மலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் நாட்களில் மலையின் பாதியை மேகம் மூடியிருக்கும். எங்கே மலை முடிந்து எங்கே மேகம் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. அதைப் படமாக்க வேண்டுமென்றால் ஈரத்தின் மேல் ஈரம் வைக்கத்தான் வேண்டும். பன்னிரண்டு வருஷமாக நான் பழகியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் பேப்பரைத் தொடும் அந்த நொடியில் தண்ணீர் யாரிடம் அதிகம், பேப்பரிடமா, பிரஷிடமா? பேப்பரிடம் அதிகம் இருந்தால் நிறம் பேப்பருக்குள் மெதுவாக விரியும், ஓரம் மென்மையாகக் கரையும். பிரஷிடம் அதிகம் இருந்தால், பிரஷிலிருக்கும் தண்ணீர் பேப்பருக்குள் பாய்ந்து, அங்கே பாதி அடங்கியிருந்த நிறத்தையும் தள்ளிக்கொண்டு போகும். தள்ளப்பட்ட நிறம் ஓரத்தில் போய்ச் சேர்ந்து, பல் பல்லாகக் கருத்த கோடாகக் காயும். பிள்ளைகள் இதைக் காலிஃபிளவர் என்கிறார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். வேண்டாத இடத்தில் அது வந்துவிட்டதென்றால், நிறத்தின் குற்றமோ கையின் குற்றமோ அல்ல. பேப்பரைவிட ஈரமான பிரஷோடு போயிருக்கிறோம், அவ்வளவுதான்.

இனி பேப்பருக்கு வருகிறேன், ஏனென்றால் நான் அதிக நாள் ஏமாந்தது இதில்தான். வேட்டிக்குக் கஞ்சி போடுவது எல்லோருக்கும் தெரியும். கஞ்சி போட்ட துணியில் தண்ணீர் பட்டால் சட்டென்று உறிஞ்சாது, கொஞ்ச நேரம் மேலே நிற்கும். வாட்டர்கலர் பேப்பருக்கும் அப்படி ஒரு கஞ்சி உண்டு, சைசிங் என்பார்கள். நல்ல பேப்பர்களில் பல காலமாக ஜெலட்டின்தான் அந்த வேலையைச் செய்கிறது. கஞ்சி குறைந்த பேப்பரில் வைத்த நிறம் வைத்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும், விரியாது. கஞ்சி திட்டுத்திட்டாக இருந்தால் ஓரிடத்தில் விரியும், ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஸ்கெட்ச் நோட்டில் ஈரத்தில் ஈரம் பழகி, வரவில்லையே என்று என் கையையே நான்கு வருஷம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முதன்முதலாகப் பருத்திப் பேப்பரில் வைத்த நாளில், அதே கைக்கு மேகம் வந்தது.

அதனால் சிக்கனம் பிடிப்பதானால் நிறத்தில் பிடியுங்கள், பேப்பரில் வேண்டாம். நூறு சதவீதம் பருத்தி, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்), கோல்ட் பிரஸ்டு (லேசான சொரசொரப்பு) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பெரிய ஷீட்டாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொண்டால் ஒரு படத்துக்கு ஆகும் செலவு குறையும். மரக்கூழ்ப் பேப்பர் காயும்போது திட்டுத்திட்டாகக் காயும். பருத்தி ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒரே சீராக விடும். நமக்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுப்பது அந்தச் சீர்தான். வாங்கிய ஷீட்டின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நொடி முத்தாக நின்று பிறகு இறங்கினால் நல்லது. விழுந்ததுமே கருத்து உள்ளே போனால் அந்தப் பேப்பரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பரை நனைப்பதற்கு அகலமான, மிருதுவான பிரஷ் வேண்டும். ஒன்றரை அங்குலம் போதும். ஒரு முறை இடமிருந்து வலம், ஒரு நிமிஷம் விட்டு மேலிருந்து கீழ். முதல் தண்ணீர் கஞ்சியை இளக்குகிறது, இரண்டாவது தண்ணீர்தான் நமக்காக நிற்கிறது. ஒரே தடவை நனைத்துவிட்டு உடனே நிறம் வைத்தால் சில இடங்களில் தண்ணீர் மேலோட்டமாகத்தான் இருக்கும், அங்கே நிறம் முதலில் அடங்கிவிடும். நனைத்ததும் பேப்பரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மினுங்காத தீவுகள் தெரிந்தால் அங்கே மட்டும் இன்னொரு முறை தடவுங்கள்.

இப்போது காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நனைத்த உடனே பேப்பர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஜன்னல் கம்பியின் நிழல்கூட அதில் தெரியும். அப்போது வைக்கும் நிறம் நமக்குக் கட்டுப்படாது, மிதந்து போகும். வானத்துக்கு, வெறும் மூட்டத்துக்கு மட்டுமே இந்த நேரம் ஆகும். கொஞ்சம் பொறுத்தால் கண்ணாடி மங்கி, பட்டுத்துணி மாதிரி ஒரு மினுக்கம் மட்டும் இருக்கும். ஜன்னல் கம்பி தெரியாது, ஆனால் வெளிச்சம் தெரியும். இதுதான் மலைக்கும் தூரத்து மரத்துக்கும் உரிய நேரம். நிறம் விரியும், ஆனால் உருவத்தை விடாது. அப்புறம் மினுக்கம் முழுதும் போய்விடும். பேப்பர் காய்ந்த மாதிரிதான் தெரியும், ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். ஆபத்தான நேரம் இது. நார் தாகமாக இருக்கிறது, மேலே இருக்கும் நிறம் இன்னும் பிடிக்கவில்லை. கெட்டியான நிறத்தை, கிட்டத்தட்ட தண்ணீரே இல்லாமல் வைத்தால் அழகான மங்கிய கோடு கிடைக்கும். கொஞ்சம் தண்ணீரோடு போனாலும் காலிஃபிளவர்தான். அதற்கப்புறம் சில்லிப்பும் போய்விடும். அதுதான் காய்ந்த பேப்பர், அதில் கத்தி மாதிரி ஓரம் வரும்.

ஒரே பேப்பரில் இந்த நான்கும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரங்கள் முதலில் காயும். டேபிளில் சிந்திய காபி காய்ந்த பிறகு நடுவில் வெளுத்து ஓரத்தில் மட்டும் வளையமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது, காபித்தூளையும் கூட்டிக்கொண்டு. படத்திலும் இதேதான் நடக்கிறது. ஆகவே ஓரத்தில் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்யுங்கள், நடுவுக்குக் கடைசியில் வாருங்கள்.

பிரஷில் இருக்கும் நிறத்தின் பதத்துக்கு நான் பிள்ளைகளிடம் அடுப்படிக் கணக்குதான் சொல்கிறேன்: நீர்மோர், மோர், தயிர், வெண்ணெய். பேப்பர் கண்ணாடியாக இருக்கும்போது நீர்மோர் அல்லது மோர். பட்டு மினுக்கத்தில் தயிர். மினுக்கம் போய்ச் சில்லிப்பு மட்டும் இருந்தால் வெண்ணெய். பேப்பர் காயக் காய நிறம் கெட்டியாகிக்கொண்டே போக வேண்டும். காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால் எப்போதும் நினைப்பதைவிட ஒரு படி அழுத்தமாகவே கலக்குங்கள்; ஈரத்தில் வைத்தது இன்னும் கூடுதலாக வெளிறும்.

பதம் சரியாக இருந்தும் பிரஷ் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கலாம். பிரஷின் வயிற்றில் இருக்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. நான் பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து இடது கைப்பக்கம் வைத்திருக்கிறேன். நிறத்தை எடுத்ததும், பிரஷின் நுனியை அல்ல, தகரக் கழுத்தை ஒட்டிய முடியை அந்தத் துணியில் ஒரு நொடி சாய்த்து எடுப்பேன். நுனியில் இருக்கும் நிறம் அப்படியே இருக்கும், வயிற்றிலிருக்கும் தண்ணீர் மட்டும் துணிக்குப் போய்விடும். இந்த ஒரு நொடி வேலையைப் பழக்கிக்கொண்டால் காலிஃபிளவர் பெரும்பாலும் நின்றுபோகும். துணியில் நுனியைத் துடைத்தால் நிறம் போய்த் தண்ணீர் மிஞ்சும், அது நேர் எதிரான காரியம். அணில் முடிப் பிரஷ் நிறையக் குடிக்கும், தொட்டதும் நிறைய விடும். அதை முதல் பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டு மினுக்கம் வந்த பிறகு சிந்தெட்டிக் பிரஷ்தான் சொன்னதைக் கேட்கும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். இதை மட்டும் செய்தால்கூட இந்தக் கட்டுரையின் பயன் கிடைத்துவிடும். நீங்கள் வழக்கமாக உபயோகிக்கும் பேப்பரில் நான்கு விரல் அகலம், ஒரு சாண் நீளம் கிழித்துக்கொள்ளுங்கள். கீழ் ஓரத்தை மட்டும் நனைக்காமல் விட்டு, மேலே சொன்ன மாதிரி இரண்டு முறை நனையுங்கள். ஒரே ஒரு நீலத்தை மோர்ப் பதத்தில் தேவைக்கு மேலேயே கலக்கி வைத்துவிடுங்கள். நடுவில் கலக்க நேரம் இருக்காது. செல்போனில் நேரம் ஓடட்டும். நனைத்து முடித்ததும் இடது ஓரத்தில் ஒரு புள்ளி. ஒரு நிமிஷம் கழித்து, பக்கத்தில் இடம் விட்டு அடுத்த புள்ளி. இப்படியே பேப்பர் காயும்வரை. ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் கீழே, நனையாத ஓரத்தில் பென்சிலால் நிமிஷத்தை எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு பட்டையில் இதையே தயிர்ப் பதத்தில் செய்யுங்கள்.

போன சித்திரையில் மதியம் மூன்று மணிக்கு நான் போட்ட பட்டை இதோ முன்னால் இருக்கிறது. முதல் புள்ளி ஒரு எலுமிச்சங்காய் அளவுக்கு விரிந்து, வைத்த இடமே தெரியாமல் வெளுத்திருக்கிறது. இரண்டாம் நிமிஷப் புள்ளி நெல்லிக்காய் அளவு, நடுவில் கொஞ்சம் கருமை. மூன்றாவது ஒரு ரூபாய் காசு, ஓரம் பஞ்சு மாதிரி. எனக்கு மலைக்கு வேண்டியது அந்த மூன்றாவது. நான்காவதைச் சுற்றி லேசாகப் பல் விழுந்திருக்கிறது. ஐந்தாவது முழுக் காலிஃபிளவர், மூன்றாம் புள்ளியின் ஓரத்தையும் தள்ளிவிட்டிருக்கிறது. ஆறாவது காய்ந்த பேப்பரில் வைத்த வட்டப் பொட்டு. தயிர்ப் பதப் பட்டையில் நான்காம் நிமிஷத்திலும் பல் இல்லை. அதாவது, நிறத்தைக் கெட்டியாக்கியதால் எனக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. சித்திரையில் ஒரு நிமிஷம் என்பது பெரிய சொத்து.

அதே பேப்பர், அதே நீலம், ஆடி மாசம் சாரல் விழும் காலையில்: எட்டாம் நிமிஷம்வரை எலுமிச்சங்காய்தான். பத்துக்கு மேல்தான் பட்டு மினுக்கம் வந்தது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் பேப்பரிலிருக்கும் தண்ணீருக்குப் போக இடமில்லை. ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று விசிறி அடிக்கும்போது திண்ணையில் உட்கார்ந்தால் கதை மாறிவிடும். சாரல் நாளிலும் காற்று படும் பக்கம் வேகமாகக் காயும், சுவர்ப் பக்கம் ஈரமாகவே கிடக்கும். அதனால் யாராவது ஐந்து நிமிஷம் காத்திருங்கள் என்று எழுதியிருந்தால் அது அவர் வீட்டு ஐந்து நிமிஷம். உங்கள் வீட்டு நிமிஷத்தை உங்கள் பட்டைதான் சொல்லும்.

நிறங்களுக்கும் குணம் உண்டு. துணிக்கு நீலம் போடும் பழைய நீலப்பொடி ஞாபகம் இருக்கிறதா? வாளியில் கலக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் அடியில் படிந்துவிடும், கலக்காமல் வேட்டியை முக்கினால் திட்டு விழும். அந்தப் பொடியே அல்ட்ராமரைன்தான். படத்திலும் அது அதே குணத்தோடு பேப்பரின் பள்ளங்களில் மணல் மாதிரி படியும். ஓடும் தூரமும் குறைவு. நேர்மாறாகத் தாலோ நீலம், 1930களில் சந்தைக்கு வந்த நிறம். துகள் மிகப் பொடி. ஈரப் பேப்பரில் தொட்ட மாத்திரத்தில் நாலாபுறமும் பாயும், பக்கத்து நிறத்தையும் தள்ளும், காய்ந்தபின் கழுவினாலும் கறை போகாது. புதிதாகப் பழகுகிறவர் மூட்டத்துக்குத் தாலோவை எடுத்தால் கண்ணீர்தான். எல்லோ ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் கோலத்துக்கு இடும் காவியின் உறவுக்காரர்கள், இரும்புச் சத்து கலந்த மண். பொதுவாக நிதானமாக விரிபவை. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி, உள்ளே சேர்க்கும் பொருளைப் பொறுத்து மாறும். உங்கள் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு நிறத்தையும் ஒரே ஈரப் பட்டையில் வரிசையாக ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிடுங்கள். யார் ஓடுபவர், யார் நிற்பவர் என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

நிறம் அளவுக்கு மீறி ஓடினால் கலக்கும்போது கம் அராபிக் ஒரு சொட்டு விடலாம். வாட்டர்கலரில் ஏற்கெனவே இருக்கும் அதே கருவேல இனத்துப் பிசின்தான். கூடுதலாகச் சேர்த்தால் ஓட்டம் தணியும். எதிர்ப்பக்கம், இன்னும் ஓட வேண்டுமென்றால் ஆக்ஸ் கால் என்று மாட்டுப் பித்தநீரில் செய்த திரவம் விற்கிறார்கள். சாரல் ஊரில் இருக்கும் எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

இனி, நிறத்தை ஓர் எல்லைக்குள் நிறுத்துவது. எங்கள் ஊர் வயல்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். தண்ணீர் வரப்புக்குள்தான் நிற்கும், மடை திறந்த பக்கம்தான் போகும். நனையாத பேப்பர்தான் வரப்பு. நிறம் தண்ணீர் இருக்கும் இடம்வரைதான் போகும், காய்ந்த இடத்தில் கால் வைக்காது. மலைமுகடு கூர்மையாக வேண்டும், அடிவாரம் மூட்டத்தில் கரைய வேண்டும் என்றால் முகட்டுக்குக் கீழே மட்டும் நனையுங்கள், முகட்டுக்கு மேலே ஒரு சொட்டும் படாமல். கூரை வேண்டும், சுவர் வேண்டாம் என்றாலும் அதே வழி. முழுப் பேப்பரையும் நனைத்தே தீர வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் சிரமப்படுகிறார்கள்.

பலகையின் சாய்வும் ஒரு மடைதான். அதற்கு நான் தீப்பெட்டியைப் பயன்படுத்துகிறேன். பலகையின் மேல்விளிம்புக்கு அடியில் தீப்பெட்டியைப் படுக்க வைத்தால் லேசான சாய்வு, பக்கவாட்டில் வைத்தால் நடுத்தரம், நிமிர்த்தி வைத்தால் நிறம் நன்றாகக் கீழே இறங்கும். மழைக்கோடு வேண்டுமா, நிமிர்த்துங்கள். சாய்வு வைத்தால் தண்ணீர் கீழ் விளிம்பில், பேப்பரைப் பலகையோடு பிடித்திருக்கும் மாஸ்கிங் டேப்பை ஒட்டிக் குட்டையாகச் சேரும். அதைக் கவனிக்காமல் விட்டால், மேலே காய்ந்துகொண்டிருக்கும் பேப்பர் அந்தக் குட்டையைத் திரும்ப உறிஞ்சிக் கீழிருந்து பூ விட ஆரம்பித்துவிடும். பிழிந்த பிரஷின் நுனியால் அந்தக் குட்டையை அவ்வப்போது தொட்டு எடுங்கள். டேப்பின் மேல் நிற்கும் தண்ணீரையும் துடைத்துவிடுங்கள். பாதிப் பேர் மறப்பது அதைத்தான்.

சித்திரை, வைகாசியில் ஈரம் நிற்கவே நிற்காது. அப்போது பேப்பரின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனைத்து ஒரு கண்ணாடித் தகட்டின் மேலோ மீந்துபோன தரை டைல்ஸின் மேலோ ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளினால் தானாகவே ஒட்டிக்கொள்ளும், டேப் வேண்டாம். அடியிலிருக்கும் ஈரம் வேறு வழியில்லாமல் மேலே வந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிஷம் இருந்தது இருபது நிமிஷமாகும். பேப்பரை முழுக்கத் தண்ணீரில் விடப் பயப்பட வேண்டாம். கல்கத்தாவுக்கு 1903இல் வந்த ஜப்பானிய ஓவியர் யோகோயாமா தாய்க்கான் நனைத்து வரைவதைப் பார்த்துவிட்டு, வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் தன் படங்களை அப்படியே தண்ணீரில் முக்கி எடுத்து, அதன் மேல் மறுபடி வரைந்தார். வங்காளத்து வாஷ் ஓவியங்களின் புகைபோன்ற மென்மை அப்படி வந்ததுதான்.

இதெல்லாம் ஒரே படத்தில் எப்படிச் சேர்கிறது என்று காட்ட, போன ஆடியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியோடு செய்ததைச் சொல்கிறேன். ஆரியங்காவு தாண்டிக் கொல்லம் சாலையில் போனால் பதிமூன்று கண் பாலம் வரும். 1904இல் திறந்த ரயில் பாதையின் கருங்கல் பாலம். சாரல் நாளில் பாலத்தின் மேல் விளிம்பு துல்லியமாகத் தெரியும், தூண்களின் அடி மூட்டத்தில் காணாமல் போயிருக்கும். அவளுக்கு அதுதான் வேண்டும்.

பென்சில் கோடு போட்டதும் பாலத்தின் மேல் விளிம்புவரை வானத்தை மட்டும் நனைத்தாள். விளிம்பு வரப்பு. நீர்மோர்ப் பதத்தில் சாம்பல் நிறத்தை மேலிருந்து விட்டாள். பின்னால் இருக்கும் மலையைத் தயிர்ப் பதத்தில் கலக்கி வைத்துக்கொண்டு, “அத்தை, இப்ப வைக்கட்டா?” என்றாள்.

“சாய்ச்சுப் பாரு பிள்ள. ஜன்னக் கம்பி தெரியுதா?”

“லேசாத் தெரியுது.”

“அப்ப பொறு.”

பொறுப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவள் கால் ஆட்டத்தில் தெரிந்தது. நான்கு நிமிஷம் கழித்து அவளே, “கம்பி போயிருச்சு, வெளிச்சம் மட்டும் இருக்கு” என்றாள். மலையை வைத்தாள். மேல்கோடு பஞ்சாக விரிந்து நின்றது, ஓடவில்லை. மலையடிவாரத்தைக் கரைக்க, சுத்தமான பிரஷை நனைத்துத் துணியில் நன்றாக ஒற்றி, வெறும் ஈரத்தோடு கீழே இழுத்தாள். நிறம் அந்த ஈரத்தைத் தொடர்ந்து போய்த் தானாகவே காணாமல் போனது.

அப்புறம் முழுதும் காயவிட்டோம். புறங்கைக்குச் சில்லிப்பே தெரியாதவரை. அதற்கப்புறம் பாலம். தூண்களின் கீழ்ப்பாதி மட்டும் சுத்தத் தண்ணீரால் நனைத்தது. மேல்பாதி காய்ந்த பேப்பர். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த கருங்கல் நிறத்தை மேல் விளிம்பில் தொடங்கிக் கீழே கொண்டுவந்தாள். காய்ந்த இடத்தில் கல் மாதிரி ஓரம். நனைந்த இடத்தைத் தொட்டதும் பிரஷைத் தூக்கிவிட்டாள். மிச்சத் தூரத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது.

ஏழாவது தூணில் அவசரப்பட்டாள். ஆறாவது தூணின் அடி கொஞ்சம் வெளிறிவிட்டதாகத் தோன்ற, அப்போதுதான் கழுவிய பிரஷோடு திரும்பி அதைத் தொட்டுவிட்டாள். கண்ணெதிரே ஒரு வெள்ளை வட்டம் திறந்து, கருமையைச் சுற்றித் தள்ளியது. அவள் கை உடனே டிஷ்யூவுக்குப் போனது. நான் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் காயம் பெரிதாகும். மினுக்கம் இருக்கும்போதே தெரிந்திருந்தால் பிழிந்த பிரஷால் உபரித் தண்ணீரை உறிஞ்சி எடுத்திருக்கலாம். மினுக்கம் போனபிறகு செய்யக்கூடியது ஒன்றுதான், கையை எடுத்துக்கொண்டு தூர வைப்பது. மறுநாள் நன்றாகக் காய்ந்தபிறகு, பூவின் பல்லோரத்தை மட்டும் ஈரப் பிரஷால் மெல்லத் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றினாள். அல்ட்ராமரைன் என்பதால் சுலபமாக எழுந்து வந்தது. பிறகு அந்த இடத்தை ஒரே தடவலில் நனைத்துத் தயிர்ப் பதத்தில் நிறத்தைத் திரும்ப வைத்தாள். காய்ந்த நிறத்தின் மேல் மறுபடி நனைக்கும்போது மிருதுவான பிரஷ், ஒரே தடவல். போன இடத்துக்குத் திரும்பிப் போனால் அடியிலிருக்கும் நிறம் கலங்கிவிடும்.

ஹேர் டிரையரைப் பற்றிக் கேட்பார்கள். மினுக்கம் இருக்கும்போது காட்டாதீர்கள், காற்று தண்ணீரைத் தள்ளி நிறத்தை மேடும் பள்ளமுமாக்கும். மினுக்கம் போனபிறகு, ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டலாம். கல் உப்பு தூவி நட்சத்திரம் வரவழைப்பது மினுக்கம் மங்கும் தருணத்தில்தான் எடுக்கும். சாரல் காலத்தில் அது எங்களுக்கு ஆகாது. உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து நாள் முழுக்கக் கசிந்துகொண்டிருக்கும்.

பேப்பரைச் சேமிப்பதும் இதில் சேர்ந்ததே. ஈரக் காற்றில் மாதக்கணக்கில் கிடந்த பேப்பரில் கஞ்சி இற்றுப்போகும். பார்க்கப் புதிதாக இருக்கும், நிறம் வைத்தால்தான் மை ஒற்றும் தாள் மாதிரி புள்ளி புள்ளியாக உறிஞ்சுவது தெரியும். ஒரு கடையில் மழைக்காலம் முழுக்கத் தரையோடு கிடந்த கட்டை அப்படித் தெரியாமல் வாங்கி வந்திருக்கிறேன். நான் ஷீட்டுகளைப் பாலிதீன் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து, தகரப் பெட்டியில் துணிகளுக்கு மேலே வைக்கிறேன். சாரல் தொடங்குமுன் ஒருமுறை பொட்டலங்களை மாற்றுவேன்.

அந்தப் புள்ளிப் பட்டையைச் சித்திரை, ஆடி, ஐப்பசி, தை என்று வருஷத்துக்கு நான்கு முறை போடுகிறேன். மாசத்தையும் நேரத்தையும் ஓரத்தில் எழுதி, தையல் மெஷினுக்கு மேலே சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் உள்ளே வந்ததும் முதலில் அந்த மாசத்துப் பட்டையைப் பார்க்கிறார்கள், மூன்றாம் புள்ளியா பத்தாம் புள்ளியா என்று. அதற்கப்புறம்தான் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கிறார்கள்.